பீங்கானும் விஞ்ஞானமும்

விருத்தாசலம் என்றதும் பக்தர்களுக்கு விருத்தகிரீசுவரர் ஆலயம் நினைவுக்கு வரும். தொழிலறிந்தவர்களுக்குப் பீங்கான் சூளைகள் நினைவுக்கு வரும். திருமுதுகுன்றம் என்பது அவ்வூரின் பழம் பெயர். குன்று முதுமையடைந்தால் என்னவாகும்? கருங்கல்லில் அடங்கிய பெல்ஸ்பார் என்னும் பொருள் மழையாலும் காற்றாலும் யுகக்கணக்கில் உளுத்து வெண்களிமண்ணாகிறது. அத்தகைய மண்ணை அகலாகவும் பொம்மையாகவும் மின்சாரத்திற்கு வேண்டிய பியூஸ் கட்டையாகவும் சமைத்து அவ்வூர்த் தொழிலாளர் ஜீவிக்கின்றனர். பௌதிக சாஸ்திரிகளின் ஆராய்ச்சிக்கும் இச்சூளைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவலாம். சம்பந்தம் மிக நெருங்கியது என்பதே நமது அபிப்பிராயம்.

பீங்கானின் உறுதி பெரிதும் அதன் மேற்பரப்பைப் பொறுத்தது. கண்ணாடி போன்ற பொருள்கள் கண்ணுக்குப் புலனாகாத கீறல்களிலிருந்தே உடைகின்றன என்று 1920-ல் கிரிபித் என்னும் ஆங்கிலேயர் விளக்கினார். பீங்கானின் மேலிடும் மெருகு வெறும் அலங்காரமன்று. சூளை ஆறும்போது உள்ளுடலைவிட மெருகு சற்றுக் குறைவாகச் சுருங்கினால், அது அமுக்கப்பட்டுக் கீறல் விரியாமல் காக்கிறது. அதிகமாகச் சுருங்கினாலோ, மெருகு முழுவதும் வலை பின்னியதுபோல் வெடித்துவிடுகிறது. ஒரு சூளைச் சரக்கு லாபமாவதும் நஷ்டமாவதும் இந்த மெல்லிய பரப்பில் அடங்கியிருக்கிறது.

இப்பரப்பையும் களிமண்ணின் உட்கூறுகளையும் சாதாரணப் பூதக்கண்ணாடியால் முற்றும் காண இயலாது. ஒளியலையின் நீளமே அதற்குத் தடை. 1931-ல் பெர்லினில் ரூஸ்காவும் நோலும் ஒளிக்குப் பதில் எலெக்ட்ரான்களைக் கொண்டு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை அமைத்தனர். 1940-களில் கல்கத்தாவில் நீரஜநாத் தாஸ்குப்தா நம் நாட்டிலேயே அத்தகைய கருவியொன்றை உருவாக்கினார். இக்கருவியில் பார்த்தால் வெண்களிமண் அறுகோணத் தகடுகளாகத் தோன்றுகிறது. அத்தகடுகளுக்கிடையே நீர் புகுந்து அவை வழுக்குவதாலேயே மண் குயவன் கைக்கு இணங்குகிறது. சூளையின் கடும் உஷ்ணத்தில் அதே மண்ணிலிருந்து முல்லைட் என்னும் ஊசி போன்ற பளிங்குகள் விளைந்து, பீங்கானுக்கு உறுதியளிக்கின்றன. சூடு குறைந்ததா, மிகுந்ததா என்பதற்கு இவ்வூசிகளே சாக்ஷி கூறும்.

லேசர் கிரணத்தின் வரலாறும் நம் மண்ணுக்கு அந்நியமன்று. 1960-ல் மைமன் அமைத்த முதல் லேசரில் ஒளிர்ந்தது செயற்கை மாணிக்கக்கல். மாணிக்கம் என்பது சிறிது குரோமியம் கலந்த அலுமினா. அலுமினாவோ களிமண்ணின் பிரதான அங்கம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன் 1928-ல் கண்ட ஒளிச்சிதறலுக்கு முதலில் சூரிய ஒளியும் பின்னர்ப் பாதரச விளக்குமே உதவின. லேசர் வந்தபின் அம்முறை உலகெங்கும் பரவியது. இன்று ஒரு பீங்கான் துண்டை உடைக்காமலே, அதன்மீது லேசரைச் செலுத்தி, உள்ளிருக்கும் தாதுக்கள் இன்னவை என்று அறியலாம்.

தமிழரொருவர் கண்ட உண்மை உலகத்துச் சோதனைச்சாலைகளில் ஊழியம் செய்கிறது. அது விருத்தாசலத்துச் சூளைக்கு வந்து சேர்ந்ததா? அவ்வூரில் பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் பயிலகம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யிலும் கல்பாக்கத்திலும் விலையுயர்ந்த கருவிகள் உண்டு. கல்கத்தாவில் 1950 முதல் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் உண்டு. குறைந்த மூலதனத்துடன் உழைக்கும் சூளைக்காரனுக்கும் இவற்றுக்கும் இடையேதான் பாலம் வேண்டும். அவன் குஜராத்தின் மோர்பியிலிருந்தும் சீனத்திலிருந்தும் வரும் சரக்குகளோடு சந்தையில் போட்டியிட வேண்டியவன். சுதேசிப் பொருளை வாங்குங்கள் என்று கூவினால் மட்டும் போதாது. அப்பொருள் வெடிக்காமல் இருக்கவும் வேண்டும்.

வெடித்த மெருகையும் உடைந்த பியூஸ் கட்டையையும் பயிலகத்தார் சேகரித்துச் சோதனைச்சாலைகளுக்கு அனுப்பவேண்டும். அங்கு கண்ட முடிவைத் தொழிலாளி படித்தறியும் தமிழில் எழுதி அவன் கையில் சேர்க்கவேண்டும். இதற்காகும் செலவைச் சர்க்கார் ஏற்கவேண்டும். தேசத்தொண்டர்களும் இக்கோரிக்கையைத் தங்கள் மேடைகளில் எழுப்புவார்களாக. ராமன் ஆராய்ச்சி செய்த கல்கத்தாச் சங்கம் 1876-ல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் முயன்று நிறுவியதென்பதை மறத்தலாகாது. அன்று அடிமை நாட்டில் இயன்றது, இன்று சுதந்திர நாட்டில் இயலாதா?