கஞ்சா கேஸ்னா ஜெயில் மட்டும்தானா?

பண்ருட்டி பக்கத்துல திருவதிகை. அங்க ஒரு பையன்னு வெச்சுக்கோங்க. பத்து கிராம் கஞ்சாவோட மாட்டிக்கிட்டான். வீட்டுல உடனே ஓடுறது என்ன? ஜாமீன், வக்கீல், ‘ஊர் என்ன சொல்லும்’. சிகிச்சைங்கிற பேச்சே வராது. ஆனா சட்டத்துல அது இருக்கு.

1985-ல வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல ‘சிறிய அளவு’ன்னு ஒண்ணு உண்டு. கஞ்சான்னா 1 கிலோ, ஹெராயின்னா 5 கிராம். அதுக்குள்ள இருந்தா ரெண்டு வழி திறக்குது.

முதல் வழி, பிரிவு 64ஏ. போதைக்கு அடிமையானவர் தானா முன்வந்து, அரசு நடத்துற இல்லன்னா அங்கீகரிச்ச மையத்துல சிகிச்சை எடுத்தா, அந்த வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். பாதியில விட்டுட்டு வந்தா, விலக்கு ரத்தாகலாம்.

ரெண்டாவது, பிரிவு 39. குற்றவாளின்னு முடிவான பிறகும், கோர்ட் உடனே தண்டிக்காம சிகிச்சைக்கு அனுப்பலாம். பத்திரம் எழுதிக் குடுக்கணும். ஒரு வருஷத்துக்குள்ள சிகிச்சை எப்படிப் போச்சுன்னு கோர்ட்ல வந்து சொல்லணும்.

கவனிச்சீங்களா? முதல்ல அவரே கேக்கணும், ரெண்டாவதுல அவர் சம்மதிக்கணும். நீதிபதி நினைச்சா மட்டும் இந்த வழிகள் திறக்காது. இன்னொண்ணு, இது அடிமையானவருக்குத்தான். ஒரு தடவை இழுத்துப் பார்த்தவருக்குப் பொருந்தாது. அதனால மருத்துவ ஆவணம் முக்கியம்.

மானம் போயிடும்னு பழக்கத்தை மறைச்சா, இந்த ரெண்டு வழியையும் நாமளே மூடிடுறோம். வக்கீல்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. கேஸ் வர்ற வரைக்கும் காத்திருக்கவும் வேணாம்: 14446, இலவச உதவி எண்.