சிவப்பு விளக்கை அணைப்பது சுலபம்

வண்டி சொல்வதைக் கேளுங்கள் – 9

திருப்பரங்குன்றம் ரயில்வே மேம்பாலத்தில் இறங்கும்போது டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு மினுக்குகிறது. வட்டம், இரு பக்கமும் அடைப்புக்குறி, நடுவில் ஆச்சரியக்குறி. சமதளத்துக்கு வந்ததும் காணோம். ‘சென்சார் கோளாறு’ என்று சொல்லிவிட்டு அப்படியே ஓட்டுகிறவர்கள் அதிகம்.

சென்சார் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் இருக்கும். பானட்டைத் திறந்தால் டிரைவர் பக்கத்தில் வெள்ளையாக ஒரு டப்பா தெரியும். பிரேக் ஆயில் இருப்பது அதில்தான். உள்ளே காந்தம் பொருத்திய மிதவை ஒன்று உண்டு. ஆயில் குறையக் குறைய அது இறங்கி, ஓர் அளவுக்குக் கீழே போனதும் சுவிட்ச் வேலை செய்து விளக்கு எரியும். அந்த எல்லையை ஒட்டியே ஆயில் நிற்கிறதென்றால், வண்டி இறக்கத்தில் சாயும்போதும் சடன் பிரேக் போடும்போதும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், மிதவை தாழும். பாலத்தில் மினுக்குவது அதனால்தான். இன்னும் கொஞ்ச நாளில் சமதளத்திலும் எரியும்.

ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்காவிட்டாலும் இதே விளக்குதான் எரியும். முதலில் அதைப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு ஒரு கணமாவது எரிகிறதா என்பதையும் கவனியுங்கள். எரியவே இல்லையென்றால் அதுவும் பார்க்க வேண்டிய கோளாறுதான்.

ஹேண்ட் பிரேக் சரியாக இருக்கிறது, ஆயில்தான் குறைவு என்றால் அடுத்து நடப்பது என்ன? “அண்ணே, கொஞ்சம் ஆயில் ஊத்திட்டா அணைஞ்சிரும்” என்பார் ஒர்க்ஷாப் பையன். ஊற்றுவார். அணைந்தும் விடும். நமக்கும் மனசு நிம்மதி.

ஆனால் ஆயில் எங்கே போனது? எஞ்சின் ஆயில் சில வண்டிகளில் எரிந்து குறையும், ரேடியேட்டர் தண்ணீர் ஆவியாகலாம். பிரேக் ஆயில் மூடிய குழாய்க்குள் அழுத்தத்தைக் கடத்துவதோடு சரி. செலவாகிற பொருளே அல்ல. அது குறைய இரண்டு காரணங்கள்தான். ஒன்று, பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது. பேட் மெலிய மெலிய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும். பின்னால் உண்டான இடத்தை டப்பாவிலிருந்து இறங்கிய ஆயில் நிரப்பும். இரண்டாவது, எங்கோ ஒழுகுகிறது. பின்சக்கர டிரம்மின் உள்பக்கம், கேலிப்பர், ஹோஸ், பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர் ஆகிய இடங்களில் ஈரக்கசிவைத் தேட வேண்டும்.

ஆக, மட்டம் குறைந்ததே ஒரு தகவல். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் ஆயிலை மட்டும் ஊற்றினால் அந்தத் தகவலை அழித்துவிடுகிறோம். பேட் கரைந்து இரும்பு தட்டில் உரசும்வரை விளக்கு வாயைத் திறக்காது.

இந்த விளக்குக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் பாதை. ஒரு குழாய் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், பிரேக் மொத்தமும் போச்சு. அதற்கு மாற்றாக, ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும்படி இரண்டு தனிப் பாதைகள் வந்தன. அதில் புதுத் தொல்லை ஒன்று முளைத்தது: பாதி பிரேக் போன பிறகும் வண்டி ஒருவாறு நிற்பதால் டிரைவருக்கு விஷயமே தெரியாமல் போகலாம். அமெரிக்கா 1968-இல் கார்களுக்கு இரட்டைப் பாதையைக் கட்டாயமாக்கியபோது எச்சரிக்கை விளக்கையும் சேர்த்தே கேட்டது அதனால்தான்.

இந்தக் கதையில் மதுரைக்கும் பங்கு உண்டு. அந்தக் காலத்திலேயே மதுரையில் பஸ் விட்டவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். சாலையில் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டியை அனுப்பினார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அவர் வழிவந்த டி.வி.எஸ். குழுமம் 1962-இல் பிரிட்டிஷ் கூட்டோடு தொடங்கியதுதான் சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா.

நம் ஊர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது கொடைக்கானல். 1,200 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கியரைக் குறைக்காமல் பெடலை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி பேட், டிஸ்க் வழியாக ஆயிலைப் போய்ச் சேரும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை தாங்கும், 3.7 சதவீத ஈரம் ஏறினால் தரம் கேட்பது 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, 155. கொதித்துக் குமிழி உண்டானால் பெடல் பஞ்சு போல அமுங்கும். அப்போது டப்பாவில் ஆயில் நிறைந்தே இருக்கும், விளக்கும் எரியாது. வாங்கிய நாளிலிருந்து ஆயிலை மாற்றாத வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையேறுவது எனக்குச் சம்மதமில்லை. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கம்பெனிப் புத்தகத்தில் உங்கள் வண்டிக்கான கணக்கு இருக்கும்.

ஓடும்போது சிவப்பு எரிந்தால், வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவர்களைப் பார்த்து, மெதுவாக மிதித்துப் பாருங்கள். பெடல் வழக்கம்போல் கெட்டியாக இருந்தால் ஓரங்கட்டி டப்பாவைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஒர்க்ஷாப்புக்கு நிதானமாகப் போகலாம். பெடல் கீழே இறங்கினால் விட்டுவிட்டு வேகமாகப் பலமுறை மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பயத்தில் சாவியை அணைக்க வேண்டாம்; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்குக்கு எஞ்சின் தரும் உதவியும் நின்றுவிடும். நின்ற பிறகு இழுவை வண்டிதான். சிவப்போடு மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால், முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிடும் ஏற்பாடும் போயிருக்கலாம். பலமாகப் பிரேக் போட்டால் வண்டியின் பின்பக்கம் சறுக்கிவிடலாம்.

ஒர்க்ஷாப்பில் பேட் கனத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள், ஆயில் திரும்ப மேலே ஏறும். நடுவில் ஊற்றியிருந்தால் இப்போது டப்பா பொங்கி வழியும். வழிந்த இடத்தைத் தண்ணீர் விட்டு உடனே கழுவச் சொல்லுங்கள். இந்த ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

(அடுத்த வாரம்: பேட்டரி விளக்கு)