மூடியை உருக்கியது யார்?

2022 டிசம்பர் 9-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். சாய்ந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே நாள்கள் ஆயின. அந்த வாரம் செங்கல்பட்டில் ஒரு மெக்கானிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் செயின்சாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரம் அறுக்கும் மிஷின் என்று ஊரில் சொல்வோமே, அதுதான். அதன் வலப்பக்கத்து பிளாஸ்டிக் மூடி, கையில் பிடித்துக்கொண்டே மறந்துபோன குச்சி ஐஸ் மாதிரி தொங்கிக் கிடந்தது.

“மட்டமான பிளாஸ்டிக்ணே! வெயில்ல வச்சேன், உருகிடுச்சு” என்றார் வந்தவர்.

மெக்கானிக் சிரித்தார். “புயலடிச்ச வாரத்துல உங்க ஊர்ல மட்டும் வெயிலாண்ணே?”

சித்திரை வெயிலாக இருந்தாலும் இந்தக் குற்றத்தை வெயில்மேல் போட முடியாது. இப்படிப்பட்ட மூடிகள் பெரும்பாலும் நைலானில் செய்யப்படுகின்றன. 1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கிய பொருள் அது. 1938-இல் பல் துலக்கும் பிரஷ்ஷின் முடியாகத்தான் முதலில் கடைக்கு வந்தது. நைலானில் பல வகை உண்டு. அதிகம் புழங்கும் இரண்டில் ஒன்று சுமார் 220 டிகிரி செல்சியஸில் உருகும், மற்றொன்று சுமார் 260 டிகிரியில். கொதிக்கும் தண்ணீரே 100 டிகிரிதான். மே மாதத்து வெயிலில் கிடக்கும் பொருள் தொட்டால் சுடுமே தவிர, அந்தச் சூட்டின் பக்கத்தில்கூடப் போகாது.

வெயில் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடாதீர்கள். அது உருக்காது, அரிக்கும். புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டுதுண்டாக்கும். நிறம் வெளுக்கும், மேலே மாவு பூத்தாற்போல் ஆகும், கடைசியில் அப்பளமாக உடையும். உருகினால் கதையே வேறு. கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ வலை பின்னும் மீனவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? நைலான் கயிற்றை அறுத்ததும் பிரி பிரியாமல் இருக்க நுனியை நெருப்பில் காட்டுவார்கள். அது பாகாக இளகி, ஆறியதும் குமிழாக இறுகிவிடும். நம் மூடியின் ஓரத்திலும் அதே குமிழ்கள். ஒரு மூலையில் கம்பிப் பதப் பாகை இழுத்த மாதிரி மெல்லிய இழைகூடத் தெரிந்தது. ஆகவே உருகியது நிச்சயம்.

அடுத்த சந்தேகம் சைலன்சர். செயின்சாவின் முன்பக்கம் இருக்கும் அது நன்றாகச் சுடும். பெட்ரோலோடு கலக்கும் காற்று அதிகமானாலும், என்ஜினைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகளில் மரத்தூள் அப்பிக்கொண்டு காற்றோட்டம் நின்றாலும் சூடு இன்னும் ஏறும். எண்ணெயில் ஊறிய தூள் என்ஜினுக்குக் கம்பளி போர்த்திய மாதிரி. அப்படி நடந்திருந்தால் சைலன்சர் பக்கத்துப் பிளாஸ்டிக் கருகியிருக்க வேண்டும். அங்கே சும்மா அழுக்குதான் இருந்தது. சைலன்சர் விடுதலை!

மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டு மூடியைக் கழற்றித் திருப்பினார். வெளியே லேசாகத் தொங்கியிருந்த மூடி, உள்ளே நன்றாக வழிந்திருந்தது. நெருப்பு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது! வழிந்த இடத்துக்கு நேர் எதிரே கிளட்ச்சின் இரும்புக் கிண்ணம். “இதோ பாருங்க கையெழுத்து” என்று அதைத் துடைத்துக் காட்டினார். வெள்ளையாக மின்ன வேண்டிய இரும்பில் மயில் கழுத்து நீலம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரும்பைச் சுடவைத்தால் அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படரும். தலைமுடியின் தடிமனை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு வருமே, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் தடிமன். சோப்புக் குமிழியில் வானவில் தெரிவது போல, படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டும். சூடு ஏற ஏறப் படலம் தடிக்கும், நிறமும் மாறும். சுமார் 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 280-இல் கத்தரிப்பூ நிறம், 300-ஐ ஒட்டி நீலம். ஆறிய பிறகும் அந்த நிறம் போகாது. தெர்மாமீட்டர் வருவதற்கு முன்பே, உளியைத் தோய்க்கும் கொல்லர்கள் இந்த நிறங்களைப் பார்த்துத்தான் பதம் சொன்னார்கள். இங்கே நீலம் வந்திருக்கிறது. நைலான் எப்படித் தாங்கும்?

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? இந்த மிஷினில் என்ஜின் மெதுவாக ஓடும்போது சங்கிலி சுற்றாது. வேகம் கூடினால் கிளட்ச்சின் எடைக்கட்டிகள், குடை ராட்டினத்துத் தொட்டில் மாதிரி வெளிப்பக்கம் விலகிக் கிண்ணத்தைப் பற்றும், சங்கிலி ஓடும். ஆபத்து வந்தால் நிறுத்த ஒரு பிரேக் உண்டு. கைப்பிடிக்கு முன்னால் உள்ள காப்பை முன்னே தள்ளினால், இரும்புப் பட்டை ஒன்று கிண்ணத்தை இறுக்கிவிடும். பிரேக்கை எடுக்காமலே விசையை அழுத்தினால்? கிண்ணம் நகராது, உள்ளே கட்டிகள் அதைத் தேய்த்துக்கொண்டே சுற்றும். நடுத்தர மிஷினின் சக்தி சுமார் 2,000 வாட். இரண்டு அயர்ன்பாக்ஸின் சூட்டை ஒரு கைப்பிடி அளவு இரும்பில் கொட்டினால் நீலமாகாமல் என்ன செய்யும்?

“பிரேக்கைப் போட்டபடியே ஓட்டினீங்களா?” என்று கேட்டார் மெக்கானிக். வந்தவர் தலையைச் சொறிந்தார். “சவுக்கு மரம்ணே, அறுக்கவே மாட்டேன்னுச்சு. சங்கிலி சுத்தவே இல்ல. நானும் விடாம முறுக்கினேன்.”

புது மூடியோடு புதுக் கிண்ணமும் போட வேண்டியதாயிற்று.

செயின்சா பக்கம் நீங்கள் போகவே வேண்டாம். உங்கள் மொட்டைமாடியில் பல வெயில் பார்த்த பழைய பிளாஸ்டிக் பக்கெட் ஒன்று கிடந்தால், அதை விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் என்ன ஒட்டியது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள்.