ஊர் நகரவில்லை... வினைச்சொல் மாறியது!

'எங்கள் ஊர் சங்கராபுரம்' என்று சொல்லிப் பாருங்கள். இதில் வினைச்சொல்லே கிடையாது. ஆனாலும் அர்த்தம் புரிந்துவிடுகிறது. ஆங்கிலம் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாது. 'இஸ்' போடு, இல்லையென்றால் 'வாஸ்' போடு என்று அடம் பிடிக்கும். எதைப் போடுவது?

சங்கராபுரத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த ஊர்த் தாத்தாக்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993ல் மாவட்டத்தைப் பிரித்தபோது விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் அதில் சேர்ந்தது. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. விலாசம்தான் மாறிக்கொண்டே வந்தது!

2015ல் அங்கே பிறந்த ஒரு மாணவி தன் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மை டவுன் இஸ் இன் கள்ளக்குறிச்சி டிஸ்ட்ரிக்ட்.' சரி, இன்றைக்கு அதுதான் உண்மை. அடுத்த வரி, 'இன் 2015, இட் வாஸ் இன் விழுப்புரம் டிஸ்ட்ரிக்ட்.' இதுவும் சரி. ஒரே ஊர், இரண்டு வினை. மாற்றிப் போட்டால் இலக்கணம் மட்டுமல்ல, தகவலே தப்பாகிவிடும். 'மை ஸ்கூல் வாஸ் இன் சங்கராபுரம்' என்று எழுதிப் பாருங்கள்... படிப்பவர், 'ஐயோ, பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்களா?' என்று கேட்பார்!

கோமுகி ஆறு கல்வராயன் மலையில் உற்பத்தியாகிறது. இதற்கு 'ரைசஸ்' என்று நிகழ்காலம்தான் போட வேண்டும். கோடையில் தண்ணீர் குறைந்தாலும் ஆறு தொடங்கும் இடம் மாறாதே! ஆனால், நேற்று அந்த ஆற்றைப் போய்ப் பார்த்தீர்கள் என்றால், 'ஐ சா த ரிவர் எஸ்டர்டே.' ஆறு முடிந்துபோகவில்லை. நீங்கள் பார்த்தது முடிந்துவிட்டது.

பெரிய வம்பு எங்கே தெரியுமா? 'மழை பெய்யவில்லை' என்பதில்தான். நேற்றைக்கும் அதே சொல், இப்போதைக்கும் அதே சொல். நேற்று பெய்யவில்லை என்றால், 'இட் டிட் நாட் ரெய்ன்.' இப்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சொன்னால், 'இட் இஸ் நாட் ரெய்னிங்.' 'டிட்' வந்தாலே கடந்த காலம் வந்தாச்சு. 'டிட் நாட் ரெய்ன்ட்' என்று இன்னொரு வால் ஒட்டாதீர்கள்.

எங்கே, இதை நிரப்புங்கள் பார்க்கலாம்: 'இன் 1990, சங்கராபுரம் ------ இன் சவுத் ஆற்காட் டிஸ்ட்ரிக்ட்.' முடித்துவிட்டு, தாத்தா பாட்டியின் பழைய சான்றிதழ் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பெயருக்குக் கீழே எந்த மாவட்டம் போட்டிருக்கிறது?