இரண்டு விரல் யாருடையது?

உடல் எப்படி வசப்படுத்தப்படுகிறது என்று ஃபூக்கோ படித்தவர்களைக் கேட்டால் சிறை, பாசறை, பள்ளிக்கூடம் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். அந்த வரிசையில் குதிரை லாயத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அங்கே அதிகாரத்தைத் தோல்வாராக, பக்கிளாகக் கையில் எடுத்தே பார்க்கலாம்.

கடிவாளம் என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் மூன்று சாமான்கள் உண்டு. வாயில் கிடக்கும் இரும்பு; சவாரிக்காரர் பிடிக்கும் லகான்; இரும்பைத் தாங்கி நிறுத்தும் தலைவார். பேச்செல்லாம் முதல் இரண்டைப் பற்றித்தான். ஆனால் லகானின் இழுப்பு தலையில் எங்கெங்கே போய் விழும் என்பதில் தலைவாருக்குப் பெரிய பங்கு உண்டு.

கையால் செய்கிறவர் மூன்று அளவுகள் எடுப்பார். ஒரு வாய்க்கோடியிலிருந்து உச்சி வழியாக மறு வாய்க்கோடி வரை; நெற்றியின் குறுக்கே காதின் பின்புறத்திலிருந்து மறு காதின் பின்புறம் வரை; உச்சியிலிருந்து தொண்டையைச் சுற்றி. வாரை மாட்டின் முதுகுப் பக்கத் தோலில் நீளவாக்கில் வெட்ட வேண்டும். வயிற்றுத் தோல் இழுபட்டுப் போகும். ஒரே மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக நுழைத்துத் தைப்பார். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். மிஷின் தையல் அப்படியில்லை, ஒன்று அறுந்தால் அடுத்ததும் பிரிய ஆரம்பிக்கும்.

பூட்டும்போதுதான் சங்கதியே இருக்கிறது. நெற்றிவார் குட்டையானால் உச்சிவாரை முன்னே இழுத்துக் காதின் அடியை அறுக்கும். மூக்குவார் ரொம்ப ஏறினால் கன்ன எலும்பின் முகட்டில் உராயும். ரொம்ப இறங்கினால் மூக்கெலும்பு மெலிந்து முடிகிற இடத்தை அழுத்தும். குதிரை தலையை உதறுகிறது, காதைத் தொடவிட மாட்டேன் என்கிறது. உடனே 'அதோட குணம் அப்படி' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது வாரின் குணமாகவும் இருக்கலாம்.

தொண்டைவாரில் நாலு விரல் இடம், மூக்குவாரில் இரண்டு விரல் இடம் என்பது பழைய விதி. சரி, இரண்டு விரல் யாருடையது? எங்கே வைத்த விரல்? கன்னத்துப் பக்கம் சுலபமாக நுழைகிற விரல் மூக்கெலும்பின் மேல் நுழையாது. அளவுகோலே இறுக்குகிறவரின் கையில் இருக்கிறது. அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் போட்டிகளில் 750 குதிரைகளைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், 44 சதவீதத்துக்கு ஒரு விரல்கூட நுழைய இடமில்லை. இரண்டு விரல் விதியில் தேறியவை 7 சதவீதம். நடைப்பயிற்சிப் போட்டியில் குதிரை வாயைப் பிளந்தால் அது குறை. ஆகவே வாயைக் கட்டுகிறார்கள். கட்டிய வாயின் மௌனம் பணிவாக வாசிக்கப்படுகிறது. 2025இல் சர்வதேசக் குதிரைப் போட்டிச் சம்மேளனம் மூக்குவாரின் இறுக்கத்தைப் பார்க்க அளவுக்கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. அளவு விரலைவிட்டுப் போனது சின்ன விஷயமில்லை.

இன்னொரு கையும் இருக்கிறது. 1857க்குப் பிறகு, 1860களில், பிரிட்டிஷ் ராணுவத்துக்காகக் கான்பூரில் சேணத் தொழிற்சாலை வந்தது. இன்றும் அந்த ஊரிலிருந்து தலைவார்கள் வெளிநாடுகளுக்குப் போகின்றன. தைக்கிறவர் அந்தக் குதிரையைப் பார்க்கப் போவதில்லை. சிறிசு, நடுத்தரம், பெரிசு என்ற அளவுகளுக்குத் தைக்கிறார். தோலைத் தொட்டதற்காகச் சாதி தள்ளிவைத்த கைகள் தைத்ததைப் பூட்டிக்கொண்டுதான் மற்றவர்கள் வீரர்களானார்கள். குதிரையைப் பார்க்காதவர் தைக்கிறார், சொல்ல வாயில்லாதது அணிகிறது, இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் 'கச்சிதமாப் பொருந்துது' என்கிறார்.

பொருந்துகிறதா என்பதை அணிந்திருப்பதிடம்தான் கேட்க வேண்டும். குதிரையிடம் எப்படிக் கேட்பது என்பீர்கள். வாரைக் கழற்றிவிட்டு உச்சியில் கைவைத்துப் பாருங்கள். முடி தேய்ந்த இடம், காதடியில் தடிப்பு, கை பட்டதும் சுருங்கும் தோல் எல்லாம் அங்கே எழுதியிருக்கும். வாசித்துவிட்டு ஒரு துளை தளர்த்திப் பூட்டுங்கள்.