அறைச் சுவரில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை

ஹைமுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே கடிதங்கள் சேரத் தொடங்கிவிடும். கட்டிலுக்குக் கீழே பையில் போட்டு வைத்தால், திகதி போனபிறகுதான் கண்ணில் படும். அதற்குத்தான் இந்தப் பலகை.

காசு கொடுத்துப் பலகை வாங்கத் தேவையில்லை. கடைகளில் கேட்டால் பெரிய காட்போட் பெட்டி சும்மா தருவார்கள். ஒரு மீற்றர் அகலம், 70 சென்ரிமீற்றர் உயரத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கோ. ஒன்றின் வரி நேராகவும் மற்றதின் வரி குறுக்காகவும் இருக்க ஒட்டினால் வளையாது. மேலே பழைய சேலைத்துண்டை இழுத்துப் பின்பக்கம் ஒட்டுங்கோ. ஏ4 தாள் எட்டு பிடிக்கும். ஆணி அடிக்க முதல் ஹவுஸ்மைஸ்டரிடம் கேட்க வேணும். அடுப்புக்குப் பக்கத்திலும் வெளி நடைபாதையிலும் மாட்ட வேண்டாம், தீப் பயம்.

நடுவில் கலண்டர். டிசம்பரில் பல மருந்துக்கடைகள் இலவசமாகவே கொடுக்கும்.

இனி முக்கியமான விசயம். மஞ்சள் கடித உறை வந்தால், தபால்காரர் அதன்மேல் ஒரு திகதி எழுதியிருப்பார். நீங்கள் உடைத்து வாசித்த நாளில் இருந்து அல்ல, அந்தத் திகதியில் இருந்துதான் அவகாசம் எண்ணப்படும். உறையை எறிந்துவிடாதேங்கோ! அகதி மனுவை பாம்ஃப் நிராகரித்தால், வழக்குப் போட இரண்டு கிழமை, சிலருக்கு ஒரே ஒரு கிழமைதான் இருக்கும். எவ்வளவு என்று 'ரெக்ட்ஸ்பெஹெல்ஃப்ஸ்பெலேருங்' என்ற பகுதியில் எழுதியிருக்கும். கடைசி நாளுக்குச் சிவப்பு வட்டம் போடுங்கோ. கடிதம் கிடைத்த மறுநாளுக்குப் பச்சை வட்டம்: அன்றைக்கே சட்டத்தரணியிடமோ ஆலோசனை நிலையத்திலோ நிற்க வேணும்.

முதல் வரவேற்பு முகாமில் இருப்பவர்களுக்குத் தபாலை முகாம்தான் கொடுக்கும். கொடுக்கும் நேரத்தை அங்குள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து உங்கள் பலகையிலும் எழுதி வையுங்கோ. போய் எடுக்காவிட்டாலும், சில நாளில் கடிதம் உங்களுக்குக் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். எடுக்கவில்லை என்ற சாட்டு அங்கே எடுபடாது.

அலங்காரம் உங்கள் விருப்பம். ஓரத்தில் கோலம் கீறலாம், ஊர்ப் படம் ஒட்டலாம். பிள்ளைகளின் சித்திரத்துக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கோ. இல்லாவிட்டால் கலண்டருக்கு மேலேதான் ஒட்டுவார்கள்.

ஒரே அறையில் நாலுபேர் இருந்தால், உங்கள் விசாரணைப் பதிவையும் முடிவுக் கடிதத்தையும் அதில் தொங்கவிட வேண்டாம். திகதியை மட்டும் எழுதுங்கோ. மூலப் பத்திரங்களில் ஒருபோதும் ஊசி குத்தாமல், பூட்டி வையுங்கோ.