தூக்கிய ஜீப்புக்கு எந்த ஸ்பிரிங்?

அமெரிக்காவின் ஜீப் ரேங்லர் வரிசையில் 1997 மாடலாக வந்த டிஜே, பழைய பட்டை ஸ்பிரிங்கைக் கைவிட்டு நான்கு சக்கரங்களுக்கும் சுருள் ஸ்பிரிங் பெற்றது. பெரிய டயர் மாட்டிப் பாறை ஏற விரும்புகிறவர்கள் அந்தச் சுருளைக் கழற்றிவிட்டு நீளமான சுருளைப் போட்டு வண்டியைத் தூக்குகிறார்கள். எத்தனை அங்குலம் தூக்கலாம் என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. வண்டி எப்போதும் எவ்வளவு எடை சுமக்கப் போகிறது என்று கேட்ட பிறகே அதற்கு வர வேண்டும்.

நீளமான மென்மையான சுருளும், குட்டையான விறைப்பான சுருளும் ஒரே எடையின் கீழ் ஒரே உயரத்தில் நிற்க முடியும். ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். சுருளின் விட்டமோ சுற்றுகளோ கூடினால் ஸ்பிரிங் மென்மையாகும். கம்பி தடித்தால் விறைக்கும். அதிலும் கம்பியின் செல்வாக்கு மிகப் பெரியது. தடிமன் 10 சதவீதம் கூடினாலே விறைப்பு சுமார் 46 சதவீதம் ஏறிவிடும். கண்ணால் பார்த்து ஸ்பிரிங் வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஒரு மில்லிமீட்டர் அமுங்க 3 கிலோ கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் சேர்ந்து முன்பக்கம் 90 கிலோ ஏறினால் பக்கத்துக்கு 45 கிலோ. வண்டியின் மூக்கு 15 மில்லிமீட்டர் இறங்கும். அந்த எடை ஆக்ஸிலுக்கு முன்னால் தொங்குவதால் இறக்கம் இன்னும் சற்று அதிகமாகவே இருக்கும். மாறாக, அந்தப் பாரத்துக்கென்று செய்த ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால், சொன்ன உயரத்தைத் தாண்டி நிற்கும். சிறு குழிகூட முதுகைத் தாக்கும். பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பச் சக்கரம் இறங்காமல் பிடிமானமும் போய்விடும். தூக்கியதன் பயனே அங்கே கெடுகிறது.

எடை கூடவில்லை, கொஞ்சம் உயரம் மட்டும் போதும் என்றால் பழைய ஸ்பிரிங்கோடு ஸ்பேசர் என்ற இடைத்துண்டை வைக்கலாம், விறைப்பு மாறாது.

ஷாக் அப்சார்பரின் நீளமும் ஸ்பிரிங்குக்குப் பொருந்த வேண்டும். மிக நீளமான ஷாக் முழுதாக விரியும்போது சுருள் தன் இருக்கையிலிருந்து நழுவலாம். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பாருங்கள். டிஜேயில் பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் குட்டை என்பதால், கூடுதலாகத் தூக்கினால் அதன் சாய்வு ஏறி அதிர்வு தொடங்கும்.

வாங்குவதற்கு முன், வழக்கமாக ஏற்றும் சாமான்களோடும் நிறைந்த டாங்கோடும் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோய் முன்பக்க எடையையும் பின்பக்க எடையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களைச் சொல்லி ஸ்பிரிங் கேளுங்கள்.